கல்லில் இடமில்லை

சேர்மன் ராவ்பகதூர் சௌரிராஜன் புதுக் குழாய்க்கு ஒரு மாலை போட்டுவிட்டுத் தானும் ஒரு மாலையோடு நிற்கிறார். பக்கத்தில் பட்டுத்துணி விலகிய சலவைக்கல், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. அதில் கலெக்டர் துரை பெயர், சேர்மன் பெயர், கல் வாங்கித் தந்த ஜவுளிக்கடைக்காரர் பெயர், அவருடைய காலஞ்சென்ற மாமனார் பெயர். குழாய்ப் பள்ளம் வெட்டும்போது மண் சரிந்து செத்த பழனியாண்டி பெயர் மட்டும் இல்லை. “கல்லுல இடமில்லப்பா” என்றுவிட்டார் மேஸ்திரி. பழனியாண்டியின் அண்ணன் மருதை, துரை கண்ணில் படாதபடி தென்னந்தட்டிக்குப் பின்னால், வால்வுச் சக்கரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஈரமண் வாசனை மூக்கில் ஏறுகிறது. தம்பியைத் தோண்டி எடுத்த அன்று அடித்த அதே வாசனை. மேஸ்திரி கைக்குட்டையை ஆட்டினால் அவன் திறக்க வேண்டும். சேர்மன் தண்ணீர் கொண்டுவந்தார் என்று ஊர் கைதட்ட வேண்டும். பகீரதனில் தொடங்கிய பேச்சு ஒருவழியாக முடிகிறது. பாண்டு முழங்க, சேர்மன் குழாயைத் திருகுகிறார். குழாய் ஒரு ஏப்பம் விடுகிறது, அவ்வளவுதான். கைக்குட்டை தவிக்கிறது. மேஸ்திரி ஓடிவந்து தட்டிக்குள் தலையை நீட்டுகிறார். “திறடா! மானம் போகுது. வேலையும் போயிடும்டா உனக்கு!” மருதை சக்கரத்திலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொள்கிறான். “கல்லுல பேரு இருக்கிறவங்க வந்து திறக்கட்டுங்க.”