ஒட்டுவாரொட்டி

"கண்ண மூடு! நீ மட்டும் என்ன பெரிய இவளா?" என்று கத்தினார் ஜெயசீலன். யாரும் சத்தம் போடக்கூடாது என்று ஒரு நிமிடம் முன்புதான் அவரே சொல்லியிருந்தார்.

அம்சவல்லி மூடவில்லை. எட்டு வயது. உச்சந்தலையில் ஊதா, நெற்றியில் கருநீலம், தொண்டையில் நீலம், நெஞ்சில் பச்சை, வயிற்றில் மஞ்சள், அதற்குக் கீழே ஆரஞ்சு என்று வட்ட வட்டக் காகிதச் சக்கரங்களை ஒட்டிக்கொண்டு கதவோரம் சம்மணம் போட்டிருந்தாள். சிவப்பு மூலாதாரத்தை எங்கே ஒட்டுவதென்று விளக்க ஜெயசீலன் கூச்சப்பட்டதால் அது மடியில் கிடந்தது.

சுனாமி வந்துபோய் ஏழு மாதம். பயந்துபோன பிள்ளைகளுக்குச் சக்கரம் செய்யவும் தியானம் பண்ணவும் கற்றுக்கொடுத்து மன அமைதி உண்டாக்க, மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்குச் சென்னை அறக்கட்டளை ஒன்று அவரை அனுப்பியிருந்தது. அவருக்கோ எல்லாமே குமட்டியது. கருவாட்டு வாடை, ஒழுகும் மூக்குகள், மூக்கைத் துடைத்த அதே கையால் வைக்கிற வணக்கம். நாற்றம் தாங்காமல் கதவைச் சாத்தினால், அடுத்த நிமிடமே ஏதாவது ஒரு பிள்ளை போய்த் திறந்து வைத்தது.

இன்று தலைமை ஆபீசிலிருந்து மேடம் வருகிறார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் பத்து நிமிடம் கண்மூடி உட்கார்ந்திருப்பதை வீடியோ எடுத்துவிட்டால் ஜெயசீலனுக்குச் சென்னையில் ஏசி அறை. ஒரே ஒரு பிள்ளை கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் இதே குப்பம், இதே வாடை, இன்னும் ஆறு மாதம்.

தினமும் முப்பத்தோரு பேர் மூடினார்கள். முதல் நாள் மூடாதவன் தவுசீப். அவனை மிரட்டி வழிக்குக் கொண்டுவந்தால் மறுநாள் சிலம்பரசன். நேற்று நஸ்ரியா. இது சிரங்கு மாதிரி ஒட்டுவாரொட்டி வியாதி என்று டைரியில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார் ஜெயசீலன்.

"இதுங்களுக்கு மூலாதாரத்துலயே அடைப்பும்மா," என்றார், சத்துணவு சமைக்கும் சாமுண்டீஸ்வரியிடம்.

"அடைப்புலாம் ஒண்ணும் இல்ல சார். காலைலயே எல்லாம் வெளிக்குப் போய்ட்டு வந்துட்ச்சிங்க."

ஜெயசீலன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். முந்தாநாள் கிண்டிய மைதாப் பசை புளித்து, வாளியைச் சுற்றி ஈ மொய்த்தது. வியர்வையில் காகிதச் சாயம் கரைந்து பிள்ளைகளின் வயிற்றில் மஞ்சளும் பச்சையும் சீழ் போல வடிந்தன.

"சார், என் அனாகதத்த எறும்பு இழுத்துனு போவுது," என்றான் சிலம்பரசன், நெஞ்சிலிருந்து உதிர்ந்த பச்சைக் காகிதத்தைக் காட்டி.

"மௌனம்டா, தடியா!"

உப்பளத்து மண் ரோட்டில் வெள்ளைக் கார் வந்து நின்றது. மேடம் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே வீடியோக்காரர்.

ஜெயசீலன் மணி அடித்தார். முப்பத்தோரு பேர் கண்ணை மூடினார்கள். ஓர் இருமல்கூட இல்லை. ஈ உட்கார்ந்த மூக்குகள்கூட அசையவில்லை. உப்பு வாரப் போயிருந்த அம்மாக்கள் பார்த்திருந்தால் யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று நினைத்திருப்பார்கள்.

"பியூட்டிஃபுல்," என்று வாசலில் நின்று கிசுகிசுத்தார் மேடம். அப்புறம் அவர் பார்வை அம்சவல்லியின் மேல் விழுந்தது.

ஜெயசீலன் பாய்ந்தார். "அம்சா, வாடி இந்தப் பக்கம்! செவுத்தப் பாத்து உக்காரு!" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

அவ்வளவுதான். முப்பத்தோரு பேரும் ஒன்றாகக் கண்ணைத் திறந்தார்கள். எல்லாத் தலையும் வாசல் பக்கம், அதாவது மேடம் பக்கம் திரும்பியது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"மேடத்த அப்புறம் பாக்கலாம், மூடுங்கடா!"

யாரும் மூடவில்லை. தவுசீப்தான் பேசினான். "அம்சாவ அவ எடத்துல உடுங்க சார். மூடிக்கிறோம்."

சென்னை ஏசி அறை ஜெயசீலனின் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. செத்த எலியை வாலில் பிடித்துக் கொண்டுபோவது போல இரண்டே விரலால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதவோரம் உட்கார வைத்தார். உடனே முப்பத்தோரு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மேடத்துக்கு ஆர்வம் தாங்கவில்லை. வாசலை அடைத்தபடி அம்சவல்லிக்கு நேர் எதிரே குனிந்தார். அவள் இடது பக்கம் சாய்ந்தாள். மேடமும் சிரித்துக்கொண்டே அதே பக்கம் சாய்ந்தார். அவள் வலது பக்கம் கழுத்தை எட்டி நீட்டினாள்.

"பெரியவங்க பேச வந்தா மூஞ்சப் பாக்கணும்னு தெரியாது? மேடம், இது ஒண்ணுதான் இப்டி. நாளைக்கே பேர அடிச்சிட்றேன்," என்றார் ஜெயசீலன்.

"நீங்க சும்மா இருங்க." மேடம் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, விரலில் ஒட்டிய பசையைப் புடவையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் எவ்ளோ நிம்மதியா கண்ண மூடி உக்காந்திருக்காங்க, பாரு. உனக்கு மட்டும் ஏன்மா இவ்ளோ பயம்?"

"பயம்லாம் இல்லைங்க மேடம், கொஞ்சம் நவுருங்க. இன்னிக்குக் கடலப் பாக்குற முறை என்னுது."