பத்துக்கு எட்டு

"டேய் ரெனான், மிலா அக்கா வந்துட்டாங்க. மூணாம் நம்பர் திரைக்குள்ள படுத்திருக்காங்க. ஓடுடா."

கூடப் படிக்கும் டோடோங் சொன்னதும் ரெனான் வாயிலிருந்த ரொட்டியை மெல்லாமலே விழுங்கினான்.

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில் இருந்த அந்த நர்சிங் கல்லூரியில் வலிப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. மாணவர்கள் அவசரப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நடிப்பு நோயாளி வந்து படுப்பார். அந்த நோயாளி எப்போதும் மிலா அக்காதான். ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் பதினோரு வருஷமாக மாதாவாக அழுகிறவர். எல்லோருக்கும் அவரைத் தெரியும் என்பதால், தேதி ஒன்றுதான் ரகசியம்.

தேர்வில் ஊசி போடக் கூடாது. போட்டதாகச் சொன்னால் போதும். டாக்டரைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டதாகச் சொன்னால் போதும். போன வருஷம் ஒருவன் ஆர்வக்கோளாறில் மிலா அக்காவுக்கு நிஜ ஊசியே போட்டுவிட்டு, மறுநாள் பெட்டி கட்டினான்.

ரெனான் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன். முதல் முறை, வலி பத்துக்கு எட்டு என்றவரிடம், "எட்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டதற்காக. இரண்டாம் முறை, அவர் அழும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்ததற்காக. இது கடைசி. இதிலும் போனால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

கடிகாரத்தைக் கழற்றி டோடோங்கிடம் கொடுத்துவிட்டுத் திரைக்குள் நுழைந்தான்.

மிலா ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. இந்த முறை ரொம்ப நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அவர் கண்ணுக்கு நேராக முக்காலியில் உட்கார்ந்தான். இரண்டு மதிப்பெண். கையைப் பிடித்தான். இன்னும் இரண்டு.

"அக்கா, வலி எங்க இருக்கு?"

"வயிறு. வலது பக்கம். டாக்டரக் கூப்பிடு தம்பி."

"பத்துக்கு எவ்வளவு சொல்வீங்க?"

"எட்டு."

"உங்க வலிய நான் முழுசா நம்புறேன்" என்றான், பக்கத்துத் திரைவரை கேட்கும்படி. தேர்வு நடத்தும் பனாதெரோ மேடம் மதிப்பெண் தாளோடு உட்காரும் இடம் அது. இந்த வாக்கியத்துக்கு மட்டும் ஐந்து மதிப்பெண்.

"நிஜமாவே முடியலடா."

முந்தைய இரண்டு முறையும் இதே வசனம் வந்தது.

"குத்துதா, எரியுதா, பிழியுதா?"

"எல்லாம்தான். இப்ப ஒன்பது."

ரெனான் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரலை உயர்த்தினான். "இப்போது டாக்டருக்குத் தகவல் சொல்கிறேன். டாக்டர் ஊசி எழுதித் தருகிறார். மருந்தின் பெயரையும் அளவையும் இரண்டு முறை சரிபார்க்கிறேன். ஊசி போடுகிறேன்." காற்றில் ஒரு ஊசி போட்டான்.

மிலா அவனையே பார்த்தார். "என்னடா பண்ற?"

"அக்கா, கெடுத்துடாதீங்க" என்று கிசுகிசுத்தான். "எனக்கு இதுதான் கடைசி."

"இல்ல தம்பி... இது அது இல்ல..."

"எதுவா இருந்தாலும் நான் உங்க கூடவே இருக்கேன் அக்கா."

இது பாடத்திலேயே இல்லாதது. சொன்ன பிறகு அவனுக்கே பெருமையாக இருந்தது. மிலாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கண்ணீர் வரவழைப்பதாவது பழக்கம், வியர்வையை எப்படி வரவழைக்கிறார் என்று வியந்துகொண்டே துடைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் அவர் பிடி தளர்ந்தது. கண்கள் மூடின. பேச்சு நின்றது. ஊசிக்கு அப்புறம் நோயாளி அடங்கிவிட வேண்டும் என்பதுதான் வழக்கம். ரெனான் தாளில் எழுதினான்: 'ஊசிக்குப் பின் வலி: இரண்டு. நோயாளி அமைதியாக இருக்கிறார்.'

போகும்போது திரையை இடைவெளியில்லாமல் இழுத்து மூடினான். அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு.

பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாருமில்லை. தேடிப் போனால், பனாதெரோ மேடம் கேன்டீனில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மதிப்பெண் போட்டு முடித்துவிட்டார் போல.

"மேடம், பாஸ்தானே?"

"எதுல?"

"வலிப் பரீட்சையில மேடம். மிலா அக்கா, மூணாம் நம்பர். இந்தத் தடவ ஒண்ணுகூட விடல. கடிகாரத்தக்கூடக் கழட்டி வச்சுட்டுத்தான் போனேன்."

"பரீட்சை வெள்ளிக்கிழமைதான்டா. வெளிய சொல்லித் தொலைக்காத" என்றார் மேடம். "மிலாவுக்குக் காலையிலேர்ந்து வயித்து வலி. நிக்கக்கூட முடியல. நாந்தான், போய்ப் படு, நம்ம பசங்க உடனே டாக்டரக் கூப்பிடுவாங்கன்னு அனுப்பி வச்சேன்."

கிண்ணத்தைத் தூக்கி மிச்சமிருந்த சூப்பைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"நீதான் பார்த்தியா? நல்லது. டாக்டர் என்ன சொன்னாரு?"