பின்னால் வரும் காலடி

"அக்கா, இன்னிக்கும் பின்னாலயே வருது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கிசுகிசுத்தாள் ஜீவிதா. பீர்க்கன்கரணை ஏரிக்கரைச் சாலையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"எது வருது?" மறுமுனையில் மனநல ஆலோசகர் ஸ்ரீவித்யா நிதானமாகக் கேட்டாள்.

"காலடி. நான் நின்னா அதுவும் நிக்குது. திரும்பினா யாருமே இல்ல."

போன மாதம் பட்டப்பகலில் வீடு புகுந்த ஒருவன், ஜீவிதாவின் கழுத்தில் கத்தியை வைத்து, அம்மாவின் சங்கிலியைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். அவன் பிடிபட்டுவிட்டான். கழுத்திலிருந்த சில்லிப்பு மட்டும் போகவில்லை. கல்லூரிக்குப் போவது நின்றது. வரும் திங்களும் போகாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் தனியாக நடக்க வேண்டும் என்பது ஸ்ரீவித்யா கொடுத்த பயிற்சி. அம்மா கனகவல்லி வாசலில் நின்று சிரித்தபடியே அனுப்பிவைப்பாள். "இன்னாத்துக்குப் பயம்? நான் வூட்லதானே கீறேன். தைரியமா போய்ட்டு வா."

"அது உன் மனசுதான் ஜீவிதா," என்றாள் ஸ்ரீவித்யா. "பயம் போறப்ப கடைசியா ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் போகும். இன்னிக்கு ஓடாத. நின்னு, திரும்பி, யாருன்னு கேளு. நான் லைன்லயே இருக்கேன்."

ஜீவிதா நின்றாள். காலடியும் நின்றது. ஏரியில் ஆகாயத்தாமரைக்குள் ஏதோ தொப்பென்று விழுந்தது.

திரும்பினாள். வெறும் சாலை. ஓரத்தில் துருப்பிடித்த வேன் ஒன்று. அதன் பின்னாலிருந்து யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

மனசு மூச்சு வாங்குமா?

"யாரது?" வேனைப் பார்த்துக் கத்தினாள். "வெளிய வா!"

முக்காடிட்ட உருவம் ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது.

"அம்மா!"

பயந்த வேகத்திலேயே கோபமும் வந்தது. "உயிரே போச்சு! தினமும் நீதானா? எனக்குக் காவலா? நான் தனியா நடந்தாதான் பயம் தெளியும்னு அக்கா எவ்ளோ சொன்னாங்க!"

கனகவல்லி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"காவலுக்கு வரலடி," என்றாள். "நீ தெருமுனை தாண்டினதும் கதவாண்ட அவன் நிக்கிற மாதிரியே கீது. உன் முதுகைப் பார்த்துகினு நடந்தாத்தான் எனக்குப் பயமில்ல."