கட்டி தெரிந்த நாள்

"கட்டி இல்லைன்னு எப்படிச் சொல்றே கண்ணு? நாலு மாசமா ரத்தத்துல இருக்குதுன்னு வருது. இன்னொருக்கா நல்லாப் பாரு!"

ஸ்கேன் அறைக்குள் கணவர் மகுடபதி போட்ட சத்தம் வெளியே தெய்வானைக்குக் கேட்டது.

"இருந்தாத்தானுங்கய்யா காட்ட முடியும். இல்லாததை நானா வரைஞ்சு தர்றது?" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

அவருக்குக் குடல் புற்றுநோயை வெட்டியெடுத்து இரண்டு வருடமாகிறது. மாதாமாதம் ரத்தத்தில் புற்றுநோயின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நோய் திரும்பிவிட்டது என்று அது சொல்லியும், ஸ்கேனில் கட்டி தெரிந்தால்தான் காப்பீட்டில் மருந்து கிடைக்கும். அதனால் கட்டி தெரிய வேண்டும் என்று தெய்வானை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

ரத்தத்தில் தெரிந்து ஏழாவது மாதம், ஸ்கேனில் ஈரலில் மூன்று கட்டிகள் தெரிந்தன. "வந்துருச்சு புள்ள!" என்று மகுடபதி ஓடிவந்தார்.

அன்று சாயங்காலம் தெய்வானை கேசரி கிண்டி எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"என்ன விசேஷமுங்கக்கா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு ராசாத்தி.

"அவருக்குக் கட்டி தெரிஞ்சிருச்சு. நாளைக்கே மருந்து ஏத்துறாங்க."

சிரித்தபடி சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது தெய்வானையின் காதிலேயே விழுந்தது. நீட்டிய கிண்ணம் அப்படியே நின்றது.

ராசாத்தி இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தக் கிண்ணத்தை வாங்கியிருப்பீர்களா? என்ன சொல்லி வாங்கியிருப்பீர்கள்? கீழே ஒரு வரி எழுதுங்கள்.