வாலை விட அனுமதி

டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லிகள் கூட்டம் போட்டன.

"வால் நம் குலத்தின் கௌரவம். கூட்டத்தைக் கேட்காமல் இனி யாரும் வாலை விடக் கூடாது" என்றார் தலைவர். மற்ற பல்லிகள் ச்சு ச்சு என்று கத்தி ஆமோதித்தன.

மறுநாள் பல்லி ஒருத்தியின் வாலைப் பூனை மிதித்தது. அவள் வாலை விட்டுவிட்டுச் சுவரேறினாள்.

"யாரைக் கேட்டு விட்டாய்?" என்று அதட்டினார் தலைவர்.

"பூனை மிதித்தது என் வாலை. உங்களை எதற்குக் கேட்க வேண்டும்?"

அவளைத் தள்ளிவைத்தார்கள். அவள் ஜன்னலில் நிம்மதியாகக் கொசு பிடித்தாள்.

அந்த வாரமே தலைவரின் வால் கதவிடுக்கில் மாட்டியது. பூனை வந்துகொண்டிருந்தது.

"தலைவரே, கூட்டத்தைக் கூட்டச் சொல்லட்டுமா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாள்.

தலைவர் அதற்குள் சுவரேறியிருந்தார். கதவிடுக்கில் வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.