இடது பாதத்தின் மைத்தடம்

மூன்று அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு என் இடது பாதத்தில் இரண்டு உலோகத் தகடுகளும், தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோலும் இருந்தன. விரல்களில் மூன்றுதான் மிச்சம். விபத்தன்று பைக்கை ஓட்டியவன் நான். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் அந்த இடத்திலேயே போய்விட்டான். அன்றிலிருந்து அம்மா வேளை தவறாமல் சாப்பாடு போடுவாள், கட்டு மாற்றுவாள். என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

எடை எங்கே விழுகிறது என்று பார்க்க, பிசியோதெரபிஸ்ட் என் உள்ளங்காலில் மை தடவி வெள்ளைத் தாளில் ஊன்றச் சொன்னார். தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அசைச்சுட்டீங்க போல. ஆறு விரல் விழுந்திருக்கு. மறுபடி வைங்க."

புதுத் தாளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊன்றினேன். மறுபடியும் ஆறு. சுண்டுவிரலை ஒட்டி, வெளிப்பக்கம் சாய்ந்த ஒரு குட்டி விரல்.

"இந்த மையே சரியில்ல" என்று அவர் வேறு மை எடுக்கப் போனார்.

கூட வந்திருந்த அம்மா தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். எங்கள் வீட்டில் அண்ணனின் இடது காலில் மட்டும்தான் ஆறு விரல். பிறகு தரையில் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் வைத்துத் துடைத்தபடி, நான்கு மாதங்களில் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"பெரியவனே, ரொம்ப வலிக்குதாடா?"