ஓர் அங்குலக் குத்து

மனித குலத்தின் கவனத்துக்கு.

கோவில்பட்டியில், ஒரு கல்யாண மண்டபத்து மேடையில், இன்னும் சற்று நேரத்தில் பௌதிக விதிகள் ஒத்திவைக்கப்படுகின்றன. பெரியோர்களும் தாய்மார்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளவும்.

ஒலிபெருக்கி ஏறக்குறைய இப்படித்தான் சொன்னது.

மாஸ்டர் முஷ்டியை நீட்டி நின்றார். முஷ்டிக்கும் இசக்கிராஜின் நெஞ்சுக்கும் நடுவே ஓர் அங்குலம்.

இசக்கிராஜுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. குத்து வாங்குகிறவர் அதில் போய் விழவேண்டும். நாற்காலியோடு சரிந்தால் இன்னும் விசேஷம்.

மேடையின் பின்புறம் பிளெக்ஸ். அதில் அவர் ஒரு புலியின் மேல் கை போட்டிருந்தார். மாஸ்டர் என்று தொடங்கிய பட்டம் கிராண்ட் மாஸ்டராகி, இந்த வருடம் உலகப் பேராசான் ஆகிவிட்டது. பிளெக்ஸில் இன்னும் இடம் கிடக்கிறது என்று அச்சடிப்பவர் சொன்னதுதான் காரணம்.

கையை ஓங்கி அடிப்பது யாருக்கும் வரும். ஓங்க இடமே இல்லாமல் அடிப்பதுதான் வித்தை.

குதிகால் தரையை உந்தவேண்டும். அந்த உந்தல் முழங்காலில் ஏறி, இடுப்பில் திரும்பி, தோள் வழியாக முழங்கைக்கு வந்து, கடைசியில் மணிக்கட்டில் சொடுக்கவேண்டும். அதுவரை உடம்பு ஈரத் துணி. படுகிற கணத்தில் மட்டும் இரும்பு.

இதை அவர் அழகாகச் சொல்வார்.

மொட்டைமாடிச் சுவரில் பாசிப்பயறு நிரப்பிய பையைக் கட்டி, தினமும் விடிவதற்குள் குத்தத் தொடங்கிவிடுவார். பை ஒருநாளும் அசைந்ததில்லை. பைக்கு மரியாதை தெரியாது.

வகுப்புக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். வந்ததும் மாஸ்டர் காலில் விழுவார்கள். பிறகு மாஸ்டர் குத்தில் விழுவார்கள்.

முன்னால் விழுந்தால் ஆசீர்வாதம். பின்னால் விழுந்தால் சக்தி.

போன மாதம் வரைக்கும் இதில் ஒரு குறையும் இல்லை.

போன மாதம், தண்ணீர்த் தொட்டிக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு பிளம்பர் வகுப்பு நேரத்தில் மாடிக்கு வந்தார். வேடிக்கை பார்த்தவரை மாஸ்டரே கூப்பிட்டு எதிரில் நிறுத்தினார். குதிகால், இடுப்பு, தோள், எல்லாம் முறைப்படி. முஷ்டி போய்ப் பட்டது.

பிளம்பர் நின்றார்.

நின்றபடியே சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று மனிதருக்குப் புரிந்துவிட்டது.

"விழணுமாண்ணே?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இந்தக் குத்துக்காகத்தான் மாஸ்டர் மில் வேலையை விட்டது. இதற்காகத்தான் மனைவி, ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவர், அப்படியே இருந்துகொண்டது. வலது தோள் இப்போதெல்லாம் சட்டை மாட்டவே சம்மதிப்பதில்லை.

ஒருமுறையாவது சக்தி வந்ததா? ஒரே ஒருமுறையாவது? அது தெரிந்தால் போதும்.

இசக்கிராஜுக்குத் தெரிந்திருக்கும். மெத்தைக் கடைக்காரர். வகுப்பு தொடங்கிய காலத்திலிருந்து அந்தக் குத்தை வாங்கி வருகிறவர். விழுந்து விழுந்து முதுகுத்தண்டின் நுனி போய்விட்டது. கடையில் உட்கார முடியாது. அத்தனை மெத்தைகளுக்கு நடுவே நின்றுகொண்டே வியாபாரம் பார்க்கிறார்.

இன்று காலை டீக்கடையில் வைத்து மாஸ்டர் கேட்டேவிட்டார்.

"எனக்காக விழாத, இசக்கி. எவ்வளவு படுதோ, அவ்வளவுக்கு மட்டும் விழு."

இசக்கிராஜ் ஆறிப்போன டீயை மறுபடி ஆற்றினார்.

"ஆளுக முன்னாடியா மாஸ்டர்?"

"ஆளுக முன்னாடிதான். தனியா நின்னா நீ எனக்குப் பாவம் பார்ப்ப."

இசக்கிராஜ் சரி என்றார். கேட்காமலே, கல்லாவுக்கு மேலிருந்த முருகனைப் பார்த்துச் சத்தியமும் செய்தார்.

இப்போது மண்டபம் அடங்கியது. கவுன்சிலர் சால்வையைப் பிரித்துத் தயாராக மடியில் வைத்துக்கொண்டார்.

இசக்கிராஜின் சட்டைப் பொத்தான் மூச்சுக்கு ஏறி இறங்கியது. இசக்கி விழாமல் நின்றுவிட்டால் மண்டபமே பார்க்கும். பார்க்கட்டும். மாஸ்டர் மூச்சை இறக்கினார். குதிகாலைத் தரையில் அழுத்தினார்.

வாழ்க்கையில் அவர் அத்தனை பயந்ததில்லை. முகத்திலும் அது தெரிந்திருக்கவேண்டும்.

இசக்கிராஜ் அந்த முகத்தைப் பார்த்தார்.

நாற்காலி கவிழ்ந்தது. இசக்கிராஜ் அதற்கு அப்பால் மல்லாந்து கிடந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வழக்கத்தைவிடப் பலமாக முனகினார். மாஸ்டர் இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. விசில் பறந்தது. சால்வை வந்து தோளில் ஏறியது.

முஷ்டி நீட்டியது நீட்டியபடி இருந்தது. மேடையேறி வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

மனிதக் கண்ணால் பார்க்க முடியாத வேகம் என்று ஒலிபெருக்கி விளக்கியது.

உண்மைதான். அவர் இன்னும் குத்தவில்லை.